நின்றுபோன காருக்கு முதலில் கேட்க வேண்டியது அதன் விலையைத்தான்

2023-ஆம் ஆண்டு மே 20, சனிக்கிழமை. மதுரையில் என் மாமியாரை மூட்டு வலி மருத்துவரிடம் காட்டிவிட்டு, நானே காரை ஓட்டிக்கொண்டு திருச்சிக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். கத்திரி வெயில் காலம், நேரமோ உச்சிப் பொழுது. துவரங்குறிச்சிக்குச் சற்று முன்பாக ஏ.சி.யில் இருந்து வந்த குளிர் காற்று வெக்கையாக மாறியது. ஏ.சி.யில் கேஸ் தீர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டு கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன். சிறிது தூரத்தில் மீட்டருக்கு அருகில் சிவப்பு விளக்கு ஒன்று எரிந்தது. அது இன்ஜின் சூட்டைக் குறிக்கும் விளக்கு என்பது எனக்குத் தெரியும். ஆனால் அடுத்த ஊர் பக்கத்தில்தானே இருக்கிறது, வயதான ஒருவரை நெடுஞ்சாலை வெயிலில் நிறுத்தி வைக்க வேண்டாமே என்று நினைத்து, ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தூரத்தை அந்த விளக்கு எரிந்தபடியே ஓட்டிவிட்டேன். "ஏம்மா, எதோ தீயுற மாதிரி வாடை அடிக்குதே" என்று அத்தை சொன்ன பிறகுதான் வண்டியை ஓரம் கட்டினேன். அதற்குள் முன்பக்கத்திலிருந்து ஆவி வரத் தொடங்கிவிட்டது, இன்ஜினும் தானாகவே நின்றுவிட்டது. அந்த 6 கிலோமீட்டர்தான் பின்னால் நான் செலவழித்த பணத்துக்கெல்லாம் காரணம் என்பதை இரண்டு மாதம் கழித்து ஒரு வயதான மெக்கானிக் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், பல சிறிய கார்களில் இன்ஜின் சூட்டைக் காட்டும் முள் கிடையாது. எச்சரிக்கை விளக்கு மட்டுமே உண்டு. அந்த விளக்கு எரிகிறது என்றால் சூடு ஏற்கெனவே எல்லை தாண்டிவிட்டது என்று பொருள். பல வண்டிகளில் இன்ஜின் மிகவும் சூடாகும்போது ஏ.சி. தானாகவே நின்றுவிடுமாறு அமைத்திருக்கிறார்கள். ஆகவே ஓடிக்கொண்டிருக்கும் ஏ.சி. திடீரென வெக்கைக் காற்றைத் தந்தால் அதையே முதல் எச்சரிக்கையாகக் கொள்ள வேண்டும். இன்ஜினின் மேல்பகுதியான ஹெட் பெரும்பாலும் அலுமினியத்தால் ஆனது. அளவுக்கு மீறிச் சூடானால் அது வளைந்துவிடும். வளைந்தால் அதற்கும் கீழே உள்ள பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கும் தகடான காஸ்கெட்டின் பிடிமானம் போய்விடும். உடனே நிறுத்தியிருந்தால் ஒரு ஹோஸ் குழாயும் ஒரு வாட்டர் பம்பும் மாற்றுவதோடு முடிந்திருக்கக்கூடிய வேலை, 6 கிலோமீட்டர் ஓடியதால் இன்ஜினைப் பிரிக்கும் வேலையானது. நிறுத்திய பிறகு ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கவும் கூடாது. உள்ளே அழுத்தத்தில் கொதிக்கும் நீர் முகத்தில் பீறிட்டு அடிக்கும். எங்களுக்கு உதவ வந்த ஒரு லாரி ஓட்டுநர் என் கையைத் தடுத்திருக்காவிட்டால் நான் அதையும் செய்திருப்பேன்.

தேசிய நெடுஞ்சாலையில் வண்டி நின்றால் 1033 என்ற எண்ணை அழைக்கலாம் என்பதை அவரே சொன்னார். அழைத்தேன், முக்கால் மணி நேரத்தில் ஒரு வண்டி வந்து எங்களை ஊருக்குள் பாதுகாப்பான இடத்தில் கொண்டுபோய் விட்டது. அங்கிருந்து திருச்சிக்குக் காரை ஏற்றிவர ஒரு தனியார் ரெக்கவரி வண்டிக்கு 4,800 ரூபாய் கொடுத்தேன். இரண்டு வாரம் கழித்து இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படித்தபோதுதான், கூடுதல் பிரீமியம் கட்டி வாங்கியிருந்த சாலையோர உதவி அதில் இருந்தது தெரிந்தது. பாலிசித் தாளின் மூன்றாம் பக்கத்தை ஒருமுறை முன்பே படித்திருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். உங்கள் பாலிசியில் அப்படி ஒரு சேவை இருக்கிறதா என்று பார்த்து, அந்தத் தொலைபேசி எண்ணைக் கைப்பேசியில் இன்றே சேமித்து வையுங்கள்.

காரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். 2013-ஆம் ஆண்டில் பதிவான சிறிய டீசல் கார். என் கணவர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். மாமியார் என்னுடன் இருக்கிறார். நான் பள்ளி ஆசிரியை. 2021 ஜூனில், 71,000 கிலோமீட்டர் ஓடியிருந்த அந்தக் காரை 3,10,000 ரூபாய் கொடுத்து ஒரு பழைய கார் வியாபாரியிடம் வாங்கினேன். நாற்பத்தொரு வயதில் நான் ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த வண்டியில்தான். யாரையும் எதிர்பார்க்காமல் அத்தையை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல முடிந்தது எனக்குப் பெரிய விடுதலையாக இருந்தது. பின்னால் நான் எடுத்த தவறான முடிவுகள் பலவற்றுக்கு அந்தப் பாசமும் ஒரு காரணம். வண்டி நிற்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே, இன்ஜினைக் குளிர்விக்கும் திரவமான கூலன்ட்டின் அளவு குறைந்துகொண்டே வந்தது. பெட்ரோல் பங்கில் இருந்த பையன் சொன்னபடி குழாய்த் தண்ணீரை ஊற்றிச் சரிசெய்துகொண்டிருந்தேன். கூலன்ட் என்பது மூடிய சுற்றுக்குள் ஓடுவது. அது குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது என்றே பொருள். வெறும் தண்ணீரை ஊற்ற ஊற்ற அதன் கொதிநிலை இறங்கும், உள்ளே துருவும் உப்பும் படியும். இரண்டாவது முறை ஊற்ற நேர்ந்தபோதே மெக்கானிக்கிடம் காட்டியிருக்க வேண்டும்.

திருச்சியில் எல்லா நிறுவன வண்டிகளையும் பார்க்கும் ஒரு பெரிய ஒர்க்‌ஷாப்பில் காரை இறக்கினேன். "மேடம், தெறந்து பாத்தாதான் எதுவும் சொல்ல முடியும்" என்றார் அங்கிருந்த மேற்பார்வையாளர். சரி என்றேன். இரண்டு நாள் கழித்து 36,000 ரூபாய்க்கு ஒரு மதிப்பீடு சொன்னார்கள்: ஹெட் காஸ்கெட், வளைந்த ஹெட்டைத் தேய்த்துச் சமப்படுத்தும் ஹெட் பேஸிங், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், புதிய கூலன்ட், ஆயில். விடுமுறை முடிந்து பள்ளி திறக்கப்போகிறது, அத்தைக்கு அடுத்த மருத்துவச் சந்திப்பு வருகிறது என்ற பதற்றத்தில், மறுகேள்வி கேட்காமல் தொலைபேசியிலேயே சம்மதம் சொன்னேன். ஜூன் 3 அன்று வண்டி கைக்கு வந்தபோது பில் 43,600 ரூபாய். பிரித்த பிறகு தெரியவந்த வேலைகள் என்று கூடுதல் தொகைக்குக் காரணம் சொன்னார்கள். அந்தப் பில்லும் முறையான வரி ரசீதாக இல்லாமல், வெள்ளைத் தாளில் அச்சடித்த ஒரு சீட்டாக இருந்தது. வண்டி திரும்பக் கிடைத்ததே போதும் என்ற நிம்மதியில் அதையும் நான் கேட்கவில்லை.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியவற்றை இப்போது சொல்கிறேன். இன்ஜினைப் பிரிப்பதற்கு முன்பே செய்யக்கூடிய சோதனைகள் சில உண்டு. ஆயில் குச்சியை உருவிப் பார்த்தால் ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறதா என்று நாமே பார்க்கலாம். இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலந்துவிட்டது. இன்ஜின் ஓடும் நிலையில் இருந்தால், கூலன்ட் டப்பாவில் இடைவிடாமல் குமிழி வருகிறதா, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வருகிறதா என்று பார்க்கலாம். கம்ப்ரெஷன் சோதனை செய்தால் எந்த சிலிண்டரில் அழுத்தம் போயிருக்கிறது என்பது தெரியும். இவற்றைச் செய்தாலே சேதம் மேலோடு நிற்கிறதா, கீழே பிஸ்டனும் அது ஓடும் சிலிண்டரின் உள்சுவரும் பாதிக்கப்பட்டிருக்கின்றனவா என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். ஹெட்டைக் கழற்றிய பின், அதை லேத் பட்டறைக்கு அனுப்பி பேஸிங் செய்வதோடு விட்டுவிடாமல், கண்ணுக்குத் தெரியாத விரிசல் உண்டா என்று பிரஷர் டெஸ்ட் செய்யச் சொல்ல வேண்டும். அதற்கான செலவு, மொத்த வேலையின் செலவோடு ஒப்பிட்டால் மிகச் சிறியது. என் காரில் அதைச் செய்யவில்லை. மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள். அதைவிட ஒரு ரூபாய் கூடினாலும் என்னைக் கேட்ட பிறகே செய்ய வேண்டும் என்று ஒர்க்‌ஷாப்பின் வேலைச் சீட்டான ஜாப் கார்டில் எழுதச் சொல்லுங்கள். கழற்றிய பழைய பாகங்களைத் திரும்பக் கேளுங்கள். வரி ரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள். பின்னால் நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைப்பதா வேண்டாமா என்று நான் பலநாள் யோசித்தேன். என் கையில் இருந்தது தேதிகூடச் சரியாக இல்லாத ஒரு சீட்டு மட்டுமே என்பதால் அதைக் கைவிட்டேன்.

ஜூன் 27, செவ்வாய்க்கிழமை காலை. பள்ளிக்குப் போகும் வழியில் காவிரிப் பாலத்தில் வெள்ளைப் புகை கிளம்பியது. இந்த முறை விளக்கு எரிந்த நொடியே நிறுத்திவிட்டேன்; ஆனாலும் பயனில்லை. பின்னால் நின்ற பேருந்துகளின் ஹாரன் ஓசைக்கு நடுவே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அழுதேன். 1,500 ரூபாய் கொடுத்து வண்டியை அதே ஒர்க்‌ஷாப்புக்கு இழுத்துப்போனேன். மறுபடியும் பிரித்தார்கள், பிரித்ததற்கு மட்டும் 5,500 ரூபாய். ஹெட்டில் விரிசல், ஒரு சிலிண்டரில் கோடு விழுந்திருக்கிறது, இன்ஜினை முழுதாகப் பிரித்துச் சரிசெய்யும் ஓவராலிங் செய்ய வேண்டும், 1,18,000 ரூபாய் ஆகும் என்றார்கள். முன்பு செய்த வேலைக்கு உத்தரவாதம் இல்லையா என்று கேட்டபோது, இது வேறு பழுது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரத்தில் என் மனம் ஓடிய விதத்தை மறைக்காமல் சொல்ல வேண்டும். இவ்வளவு செலவு செய்துவிட்டோமே, இப்போது விட்டால் அந்த 43,600 ரூபாயும் வீண்தானே, இன்னும் ஒரு லட்சம் போட்டால் வண்டி புதிதுபோல் ஆகிவிடுமே என்றுதான் திரும்பத் திரும்பத் தோன்றியது. போன பணத்தைக் காப்பாற்றுவதற்காக மேலும் பணம் போடத் துடிக்கும் மனநிலை அது. நகையை அடகு வைக்கலாமா என்றுகூட யோசித்தேன். கணவரிடம் பேசினேன், "நீ அங்க இருந்து பாக்குற, நீயே பாத்து முடிவு பண்ணு" என்றார். நம்பிக்கையோடுதான் சொன்னார், ஆனால் எனக்கு அது பாரமாக இருந்தது. என் அண்ணன், கிடைத்த விலைக்குத் தள்ளிவிடு என்றார். உடன் பணிபுரியும் ஆசிரியர் ஒருவர், பழைய இன்ஜினைப் பொறுத்தவரை ஓவராலிங் செய்தால் பத்து வருடம் ஓடும், விற்றுவிடாதீர்கள் என்றார். இருவருமே கணக்குப் போட்டுச் சொல்லவில்லை; அவரவர் அனுபவத்தை வைத்துச் சொன்னார்கள். இன்ஷூரன்ஸ் நிறுவனத்திலும் கேட்டுப் பார்த்தேன். விபத்து போன்றவற்றால் ஏற்படும் சேதத்துக்குத்தான் பாலிசி. இயந்திரக் கோளாறுக்கும் தேய்மானத்துக்கும் இல்லை என்பது பொதுவான விதி. இன்ஜின் பாதுகாப்புக்கான கூடுதல் பாலிசியும் பொதுவாகப் புதிய வண்டிகளுக்கே கிடைப்பது; பத்து வருட வண்டிக்கு அந்த வழி இல்லை.

தஞ்சாவூர் சாலையில் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கைப் பற்றி என் மாணவி ஒருத்தியின் தந்தை சொன்னார். அறுபது வயதைத் தாண்டியவர். ஒர்க்‌ஷாப்புக்கே வந்து, பிரித்துப் போட்டிருந்த இன்ஜினை டார்ச் அடித்துப் பார்த்தார். வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்ததும், எவ்வளவு ஆகும் அண்ணே என்று கேட்டேன். "டீச்சரம்மா, அத அப்பறம் பேசுவோம். இப்ப இருக்குற நெலமையில, இந்த வண்டிய எவ்வளவுக்குக் கேக்குறாங்கன்னு மொதல்ல நாலு எடத்துல கேட்டுட்டு வாங்க. அந்த வெல தெரியாம செலவப் பத்திப் பேசுறது இருட்டுல நடக்குற மாதிரி" என்றார். இரண்டு மாதமாகச் செலவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று மட்டுமே நான் எல்லோரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றுபோன அந்த வண்டிக்கு அந்த நிலையிலேயே ஒரு விலை இருக்கிறது என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இதை மே 20 அன்றே யாராவது சொல்லியிருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

விலை கேட்டுப் போனேன். இணையத்தில் பழைய கார் வாங்கும் ஒரு நிறுவனத்தில் விவரங்களைக் கொடுத்தபோது கைப்பேசித் திரையில் 2,10,000 வரை காட்டியது. வண்டி ஓடும் நிலையில் இல்லை என்று சொன்னதும், அப்படிப்பட்ட வண்டியை எடுப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். காயலான் கடையில் எடைக்கு எடுத்துக்கொள்வதாக 32,000 ரூபாய் சொன்னார்கள். ஒரு புரோக்கர் 70,000 என்றார். பழுதான வண்டிகளை வாங்கித் தானே சரிசெய்து விற்கும் ஒருவர் 80,000-க்குக் கேட்டார். அவர் சொன்ன ஒரு செய்தி எனக்கு வலித்தது: "இன்ஜினப் பிரிக்காம முழுசா வந்திருந்தா ஒரு லட்சத்துக்கு மேலயே எடுத்திருப்பேங்க. பிரிச்சுப் போட்ட இன்ஜின்ல எந்தெந்த சாமான் இருக்குது, எது இல்லைன்னு எங்களுக்குத் தெரியாதில்ல." ஆகவே, பழுது பார்ப்பது என்று உறுதியாக முடிவெடுக்கும் வரை இன்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்காதீர்கள். பிரிப்பது வெறும் பரிசோதனை என்று நாம் நினைக்கிறோம். விற்கும் விலையை அது அப்போதே குறைத்துவிடுகிறது.

அதன்பின் ஒரு இரவு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். அதுவரை செலவழித்த பணம் எதையும் கணக்கில் சேர்க்கக் கூடாது என்பதுதான் நான் வைத்துக்கொண்ட முதல் விதி. விற்றாலும் வைத்துக்கொண்டாலும் அது திரும்பி வரப்போவதில்லை. இப்போதைய விலை 80,000. நன்றாக ஓடும் நிலையில் அதே வருட மாடல் வண்டிகள் திருச்சியில் அதிகபட்சம் 2,00,000-க்கு விற்றுக்கொண்டிருந்தன. எனவே பழுது பார்ப்பதால் வண்டிக்குக் கூடும் மதிப்பு 1,20,000. மதிப்பீடோ 1,18,000. மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் சமம். ஆனால் முதல் மதிப்பீடு 36,000 என்று தொடங்கி 43,600-இல் முடிந்ததை நினைத்துப் பார்த்தேன். அது 21 சதவீத உயர்வு. அதே அளவு கூடும் என்று வைத்தால் 1,43,000 ஆகிவிடும். விற்பதற்காகப் பழுது பார்த்தால் 23,000 ரூபாய் நஷ்டம் என்பது தெளிவானது.

வைத்துக்கொண்டு ஓட்டுவதற்காகப் பழுது பார்த்தால் என்ன என்பதுதான் கடினமான கேள்வி. பதிவுச் சான்று (ஆர்.சி.) 15 வருடத்துக்கு, அதாவது 2028 வரை. அதன் பிறகு தகுதிச் சோதனை செய்து புதுப்பிக்க வேண்டும், பசுமை வரியும் சேரும். ஆகவே ஐந்து வருடம் என்று எடுத்துக்கொண்டேன். பழுதுச் செலவு 1,43,000. விற்காததால் கைக்கு வராமல் போகும் 80,000. இரண்டையும் கூட்டி 60 மாதத்துக்குப் பங்கிட்டால் மாதம் ஏறத்தாழ 3,700. இரண்டு வருடத்தில் நான் ஓட்டியது 15,000 கிலோமீட்டர், மாதத்துக்கு 625. லிட்டருக்கு 18 கிலோமீட்டர், டீசல் 94 ரூபாய் என்றால் மாதம் 3,300-க்குக் கிட்டே. இன்ஷூரன்ஸ் மாதத்துக்கு 750, சர்வீஸ் 1,000. டயர், கிளட்ச், சஸ்பென்ஷன் எதையும் சேர்க்காமலேயே மாதம் 8,750 வந்தது. ஐந்து வருடம் கழித்து அந்த வண்டிக்கு ஏதேனும் விலை கிடைக்கும் என்பது உண்மை. அது டயர் செலவுக்கும் மற்ற தேய்மானங்களுக்கும் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். மறுபக்கம், வண்டி இல்லாத நாட்களில் வாடகைக் காருக்கும் ஆட்டோவுக்கும் நான் கொடுத்த பணத்தின் கணக்கு நோட்டிலேயே இருந்தது. மதுரைக்கு ஓட்டுநர் பேட்டாவோடு மாதம் ஒருமுறை போய்வர 4,500. உள்ளூர்ப் பயணங்களுக்கு மாதம் 2,500. மொத்தம் 7,000. அந்த எண்ணைப் பார்த்த பிறகே, காரை விட்டுவிடலாம் என்று மனம் சம்மதித்தது.

இந்தக் கணக்கு எனக்கு வந்தது. உங்களுக்கு வேறாக வரலாம். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வாடகைக் கார் கட்டுப்படியாகாது. அவர் பழுது பார்ப்பதே சரியாக இருக்கும். நீண்ட நாள் ஒரே கையில் இருந்து, சர்வீஸ் விவரம் முழுவதும் தெரிந்த வண்டி என்றால், முன்பின் தெரியாத இன்னொரு பழைய வண்டியை வாங்குவதைவிட அதைச் சரிசெய்வது பாதுகாப்பானது. கிளட்ச், பேட்டரி, ஆல்டர்னேட்டர், ஏ.சி. கம்ப்ரெஸர், சஸ்பென்ஷன் போன்றவை எந்த வண்டியிலும் தேயக்கூடியவை; அவற்றுக்காக வண்டியை விற்பது அவசர முடிவு. அடித்தளத்தில் துரு ஏறிய வண்டி, வெள்ளத்தில் மூழ்கிய வண்டி, இன்ஜினும் கியர்பாக்ஸும் அடுத்தடுத்துத் தொல்லை தரும் வண்டி ஆகியவற்றுக்கு நான் இனி ஒரு ரூபாயும் போடமாட்டேன். பழுது பார்ப்பது என்று முடிவெடுத்தாலும், இதற்குமேல் செலவிடமாட்டேன் என்று ஒரு தொகையை முதலிலேயே எழுதி வைத்துவிடுங்கள். பிரித்துப் போட்ட இன்ஜினுக்கு முன்னால் நின்றுகொண்டு அந்தத் தொகையை முடிவுசெய்ய முடியாது.

இடையில் இன்னொரு யோசனையும் வந்தது. சென்னை புதுப்பேட்டையில் இருந்து பழைய இன்ஜின் ஒன்றை வரவழைத்துப் பொருத்தினால் 65,000-இல் முடிந்துவிடும் என்றார் புரோக்கர். தஞ்சாவூர் சாலை மெக்கானிக் அண்ணன் என்னை எச்சரித்தார். அந்த இன்ஜின் எந்த வண்டியில் இருந்தது, அதன் எண் என்ன, வாங்கியதற்கு முறையான பில் உண்டா என்பதெல்லாம் தெளிவாக இருக்க வேண்டும். மாற்றிய பின் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புதிய இன்ஜின் எண்ணை ஆர்.சி.யில் பதிய வேண்டும். அப்படிப் பதியாத வண்டியை விற்கவும் முடியாது, விபத்து நேர்ந்தால் இன்ஷூரன்ஸும் சிக்கலாகும். முறைப்படி செய்பவர்கள் இருக்கிறார்கள்; அவ்வளவு அலைச்சலுக்கு என்னிடம் நேரமும் தெம்பும் இல்லை.

விற்பது என்று முடிவான பிறகு, 80,000-க்குக் கேட்டவரிடமே பேசினேன். ஹெட் விரிசல், சிலிண்டர் கோடு, முதலில் செய்த வேலை எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லி, பழைய சர்வீஸ் சீட்டுகளையும் இரண்டாவது சாவியையும் காட்டினேன். டயர்கள் நான்கும் ஒரு வருடத்துக்குள் மாற்றியவை என்பதைப் பார்த்து 88,000-க்கு ஒத்துக்கொண்டார். ஆகஸ்ட் 12, சனிக்கிழமை வண்டியை எடுக்க வந்தபோது, உரிமையாளர் பெயரை மாற்றுவதற்கான படிவம் 29-லும் 30-லும் வாங்குபவர் பெயரை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கச் சொன்னார். சரிசெய்து விற்கும்போது கடைசியாக வாங்குபவர் பெயரில் நேரடியாக மாற்றிக்கொள்வதாகவும், எல்லோரும் இப்படித்தான் செய்கிறார்கள் என்றும் சொன்னார். பணம் மேசைமேல் இருந்தது, எனக்கோ எப்படியாவது முடிந்தால் போதும் என்றிருந்தது. ஆனாலும் மறுத்துவிட்டேன், இந்த விஷயத்தில் நான் சரியாக நடந்துகொண்ட இடம் அது ஒன்றுதான் என்று இன்றும் நினைக்கிறேன். ஆர்.சி.யில் பெயர் மாறாத வரை சட்டத்தின் கண்ணில் உரிமையாளர் நாம்தான். 2018-இல் உச்ச நீதிமன்றம் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் இதையே சொன்னது: வண்டி பல கை மாறியிருந்தாலும், விபத்துக்கான இழப்பீட்டுப் பொறுப்பு பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கே உரியது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்திட்டுவிட்டு, ஓடாத வண்டிதானே என்று நிம்மதியாக இருக்க முடியாது. அது சரிசெய்யப்பட்டு நாளையே சாலைக்கு வரும். 2023 ஏப்ரல் முதல், அங்கீகாரம் பெற்ற பழைய வாகன வியாபாரி வண்டியை எடுத்துக்கொள்ளும்போது படிவம் 29சி மூலம் போக்குவரத்து அலுவலகத்துக்குத் தெரிவிக்கும் வழியும் வந்திருக்கிறது. உங்களிடம் வாங்குபவர் அப்படிப்பட்டவரா என்று கேளுங்கள். இல்லையென்றால் அவர் பெயருக்கே மாற்றச் சொல்லுங்கள். கடன் இருந்த வண்டி என்றால், வங்கியின் தடையில்லாச் சான்றும், கடன் முடிந்ததைத் தெரிவிக்கும் படிவம் 35-ம் முதலில் வேண்டும்.

அரை மணி நேர வாக்குவாதத்துக்குப் பிறகு, அவர் தன் பெயரிலேயே மாற்றிக்கொள்ள ஒத்துக்கொண்டார். அதற்காக விலையில் 2,000 குறைத்தார், நானும் சம்மதித்தேன். 86,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்த பிறகு, வண்டியின் பழுதுகளையும் ஒப்படைத்த தேதியையும் நேரத்தையும் குறிப்பிட்டு ஒரு டெலிவரி நோட் எழுதி, இருவரும் கையெழுத்திட்டோம். அவருடைய ஆதார் நகலையும் வாங்கிக்கொண்டேன். காயலான் கடைக்குக் கொடுப்பவர்களும் இதே கவனத்தோடு இருக்க வேண்டும். அரசின் பதிவு பெற்ற வாகன அழிப்பு மையத்தில் கொடுத்துச் சான்று வாங்கி, ஆர்.சி.யை ரத்துசெய்யாவிட்டால், உடைந்த வண்டியின் நம்பர் பிளேட் வேறு எந்த வண்டியில் ஓடினாலும் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான்.

மொத்தக் கணக்கையும் எழுதிவிடுகிறேன். ரெக்கவரி வண்டிகளுக்கு 6,300, ஒர்க்‌ஷாப்புக்கு 49,100, பன்னிரண்டு வாரத்தில் வாடகைக் காருக்கும் ஆட்டோவுக்கும் 19,000-க்குச் சற்று மேல். இதோடு, பிரிக்காமல் விற்றிருந்தால் கூடுதலாகக் கிடைத்திருக்கக்கூடிய 14,000 ரூபாயாவது போயிற்று. ஆறு நாள் தற்செயல் விடுப்பு எடுத்தேன். அத்தையின் மதுரைச் சந்திப்பு ஒன்று தவறிப்போனது. அந்த மாதம் அவர் வலியால் இரவு தூங்காமல் இருந்ததற்கு இங்கே எழுத எண் எதுவும் இல்லை.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டேன். வண்டி போன ஐந்தாவது வாரத்தில், சமயபுரம் சுங்கச்சாவடியில் பணம் எடுக்கப்பட்டதாகக் கைப்பேசிக்குச் செய்தி வந்தது. முன்கண்ணாடியில் இருந்த என் ஃபாஸ்டேக்கை நான் உரிக்கவும் இல்லை, வங்கியில் சொல்லி முடிக்கவும் இல்லை. அன்றே அதை மூடினேன். அந்தச் செய்தியைப் பார்த்த நொடியில் கோபத்தைவிட, வண்டி மறுபடி ஓடுகிறது என்ற எண்ணம்தான் முதலில் வந்தது. கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். செப்டம்பர் 21 அன்று எம்.பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்தபோது உரிமையாளர் பெயர் மாறியிருந்தது. அந்தப் பக்கத்தைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுதி, கோரிக்கை இல்லாத வருடங்களுக்கான சலுகைச் சான்றை வாங்கினேன். அந்தச் சலுகை வண்டிக்கு உரியதல்ல, நமக்கு உரியது. மூன்று வருடத்துக்குள் வேறு வண்டி வாங்கினால் பயன்படும். அது இப்போது டெலிவரி நோட்டோடு பீரோவில் இருக்கிறது.